மனோரமா பிறந்தது மன்னார்குடியில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனோரமா ஆச்சி மறைந்து பத்தாண்டு ஆனதையொட்டி, போன ஞாயிறு பதிப்பில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. பக்கத்தை மடித்துச் சாமி மேடைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆனால் முதல் வரியிலேயே 'செட்டிநாட்டில் பிறந்த ஆச்சி' என்று இருந்தது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். காப்பி ஆறிப்போனது. ஆச்சி பிறந்தது மன்னார்குடியில், 1937ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி. வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் கைவிட்டுவிட, தாயார் ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் பிழைக்கப் போனார். வளர்ந்த இடம்தான் செட்டிநாடு. ஆச்சி என்ற பெயரும் அங்கே வளர்ந்ததால் ஒட்டிக்கொண்டது.

இதற்கெல்லாமா ஒரு கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். என் பேத்தியும் அதையேதான் கேட்டாள். நான் தாளில் எழுத எழுத, கைப்பேசியில் தட்டி உங்களுக்கு அனுப்புகிறவள் அவள்தான். "பாட்டி, இது ஒரு வரி, போன் பண்ணிச் சொல்லிடலாம்" என்றாள். ஒரு வரியில் முடிகிற விஷயமாக இருந்தால் நானே விட்டிருப்பேன்.

நான் 1952இல் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினைந்து வயதிலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டேன். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, அப்புறம் தாமான் என்கிற புது வீட்டுக் குடியிருப்பு வந்தது. மாரியம்மன் கோயில் மட்டும் இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், பதினான்கு வீடுகள். எங்கள் வீட்டுக்கு அடுத்த கதவு சித்தப்பா வீடு. அப்பாவும் அவரும் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிறுவர்களாகக் கப்பலேறி வந்தவர்கள். அப்பா ஊரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். சித்தப்பாவுக்கு ஊரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சம்பள நாளன்று டவுனுக்குப் போனால் ஒரு 'பேசும் படம்' இதழ் வாங்காமல் திரும்ப மாட்டார். மனோரமா மன்னார்குடிக்காரர் என்று எங்கேயோ படித்துவிட்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் லயத்தில் மனோரமா ஒரு சினிமாக்காரி இல்லை, வேறு தோட்டத்தில் வாக்கப்பட்ட எங்கள் வீட்டுப் பெண். 'நம்ம மன்னார்குடிப் பொண்ணு' என்றுதான் சித்தப்பா சொல்வார். பெயரைச் சொன்னதே இல்லை.

மாதம் ஒரு தடவை திடலில் படம் காட்டுவார்கள். ஈப்போவிலிருந்து வேனில் படக்காரர் வருவார். பந்து விளையாடும் கோல் கம்பத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, ஜெனரேட்டரைத் தள்ளிக் கொண்டுபோய் மறைவில் வைப்பார். தோட்டத்துக் கணக்கர் கிராணியின் குடும்பத்துக்கு நாற்காலி. எங்களுக்குச் சாக்கும் பாயும். தாமதமாக வருகிறவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து கொள்வார்கள். அவர்களுக்கு எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள். ஒரே படத்தை ஒரே இரவில் இரண்டு தோட்டத்தில் ஓட்டுவதும் உண்டு. அங்கே ஓடி முடிந்த ரீலை ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு இங்கே வருவான்.

'தில்லானா மோகனாம்பாள்' அப்படித்தான் வந்தது. படம் 1968இல் வெளியானது, எங்கள் திடலுக்கு வர அடுத்த வருஷமாகிவிட்டது. அன்றைக்கு நல்ல மழை. செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் புதைந்து, நடுவில் வரவேண்டிய ரீல் வரவில்லை. படக்காரர் கையில் இருந்த வேறு ரீலைப் போட்டுவிட்டார். சிவாஜியும் பத்மினியும் எங்கே போனார்கள், கதை எங்கே நிற்கிறது என்று ஒன்றும் புரியாத நிலையில் திடீரென்று ஜில் ஜில் ரமாமணி வந்து நிற்கிறார். ஆளாளுக்கு ஒரே கூச்சல். சித்தப்பா பாயிலிருந்து எழுந்து, "எந்த ரீலா இருந்தா என்னங்கடா, நம்ம பொண்ணு வந்துட்டால்ல, உக்காருங்க" என்று ஒரு சத்தம் போட்டார். உட்கார்ந்தோம்.

சிவாஜி, பாலையா, நாகேஷ் என்று அந்தப் படத்தில் பெரிய தலைகள் எல்லாம் இருக்கிறார்கள். முன்கதை எதுவும் தெரியாமல் பார்த்ததால்தானோ என்னவோ, எனக்கு அந்த நாடகக் கம்பெனிக்காரி மட்டும்தான் நின்றாள். ஓயாத வாய். உடம்பெல்லாம் மினுக்கு. அவ்வளவு பேச்சுக்கும் அடியில், தன்னையும் ஒரு கலைஞி என்று யாராவது ஒத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு ஏக்கம். திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்து மூன்று நாள் தங்கிப் போன ஆட்டக்காரப் பெண்கள் அச்சு அசல் அப்படித்தான் இருப்பார்கள். ரப்பர் பாலைக் கொண்டுபோய்க் கொட்டுகிற ஸ்டோர் திண்ணையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டே, கேட்காதவர்களிடமும் பேசிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் ரப்பர்க் காட்டில், மர வரிசையான நிரைக்கு நிரை அந்தப் பேச்சுதான். பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு ஒருத்தி ஜில் ஜில் மாதிரிக் கழுத்தை வெட்டுவாள், நாலு நிரை தள்ளி இன்னொருத்தி பதில் சொல்வாள்.

உங்கள் கட்டுரையில் 'நகைச்சுவை நடிகை' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. எண்ணினேன். அதில் பொய் இல்லை. ஆனால் சிரிக்க வைப்பது அவருக்கு இரண்டாவது வேலை என்பது என் எண்ணம். முதல் வேலை காது. பால் வெட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். விடியற்காலை பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து காட்டுக்குள் நுழைந்தால் முகம் தெரியாது. தலையில் கட்டிய விளக்கு மரத்தின் வெட்டுப்பட்டையை மட்டும்தான் காட்டும். யார் எந்த நிரையில் இருக்கிறார், யாருக்கு உடம்பு சுகமில்லை, யார் நேற்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் எல்லாம் குரலை வைத்துத்தான். கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தோட்டத்து நூறு பேரின் குரலை என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியும். பள்ளத்தூரில் தாயும் மகளும் பெரிய வீடுகளில் வேலை செய்தார்கள். அடுப்படியில் நிற்கிற பிள்ளைக்கும் முகப்பில் நடக்கிற பேச்சு குரலாகத்தானே வந்து சேரும்? அந்தக் காதுதான் பிறகு சம்பாதித்துக் கொடுத்தது.

இல்லாவிட்டால் இதைப் பாருங்கள். 1967இல் 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் தூத்துக்குடிப் பேச்சு. அடுத்த வருஷமே 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைப் பாஷை. 'வா வாத்யாரே வூட்டாண்ட' என்று அவரே பாடியும் இருக்கிறார். 1973இல் 'சூரியகாந்தி'யில் ஐயர் வீட்டுப் பேச்சு, அதிலும் ஒரு பாட்டு. 1992இல் 'சின்னக் கவுண்டர்' படத்தில் கொங்குச் சீமை. எங்கள் லயத்தில் சேலத்துக்காரர் வீடு ஒன்று, நாமக்கல்காரர் வீடு இரண்டு, திருச்சிக்காரர்கள், எங்களை மாதிரித் தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள் என்று கலந்து இருந்தோம். இவர் எங்கள் ஊர், இல்லை எங்கள் ஊர் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொந்தம் கொண்டாடினார்கள். சித்தப்பாவுக்கு அதில் கோபம் வந்ததும் உண்டு.

நாடகத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் இரண்டே வரி. அதுதான் எனக்கு ரொம்பக் குறை. பன்னிரண்டு வயதில் மேடை ஏறியவர் அவர். மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். வைரம் நாடக சபாவில் இருந்துவிட்டு, பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவுக்கு வந்தார். கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' நாடகத்தில் பேர் வாங்கினார். கண்ணதாசன் தம்முடைய 'மாலையிட்ட மங்கை' படத்துக்குக் கூப்பிட்டது 1958இல். கொடுத்தது சிரிப்பு வேஷம். மேடையில் கதாநாயகியாக நின்ற பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1963இல் 'கொஞ்சும் குமரி' படத்தில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். அப்புறம் பழையபடி சிரிப்புக்கே வந்துவிட்டார். எழுதிக் கொடுத்த வசனம் எத்தனை வரியாக இருந்தாலும், மேடையில் நின்றவர்களுக்கு அது ஒரு பொருட்டு இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், கேட்டவன் அசைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன்.

1971, எங்கள் கோயில் திருவிழா. எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி மேலே பலகை அடுக்கிய மேடை. பள்ளிக்கூட வாத்தியார் எழுதிய சமூக நாடகம். பெண் வேஷம் எல்லாம் ஆண்கள்தான் கட்டுவார்கள், அதுதான் வழக்கம். அதில் வாயாடி வேலைக்காரி ஒருத்தி வருவாள். அதைக் கட்ட வேண்டியவர் ஸ்டோரில் பால் காய்ச்சுகிறவர். திருவிழாவுக்கு முந்தின நாள் அவருக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. ஒத்திகை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் நடக்கும். அண்ணன் பிள்ளையைத் தூக்கி வரப் போகிற நான், வாசலில் நின்று கேட்டுக் கேட்டு எல்லார் வசனமும் எனக்குப் பாடம். வாத்தியார் அம்மாவைக் கேட்டார். அம்மா அப்பாவைக் கேட்கச் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை அல்லவா, போதும் என்று வாத்தியார் போய்விட்டார்.

மேடையில் போய் நின்றதும் எனக்கு வாய் வரவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வீட்டம்மாவின் குரலை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா எதைச் சொன்னாலும் கடைசியில் "என்னாங்கறே?" என்று இழுப்பார், இழுக்கும்போது முந்தானை நுனியால் மூக்கைத் துடைப்பார். வாத்தியார் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அந்த வாலை ஒட்டினேன், மூக்கையும் துடைத்தேன். மூன்றாவது தடவை நான் மூக்குக்குக் கையைக் கொண்டுபோகும் முன்பே திடல் முழுக்கச் சிரிப்பு. முன் வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தவர் அந்த அம்மாவேதான். தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. யாரோ புண்ணியவதி மறுநாள் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் பெரட்டில் மண்டோர் என் பெயரைக் கூப்பிட்டு, குன்றின் மேல் இருக்கிற நிரைக்கு மாற்றினார். ஏறவே அரை மணி நேரமாகும். மழை பெய்தால் பால் வாளியோடு சறுக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மூன்று மாதம் அங்கே கிடந்தேன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் அவருக்கு என்ன நடந்ததோ. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது, மேடை அதோடு சரி.

ஆச்சியின் கல்யாணக் கதையை உங்கள் கட்டுரை நீட்டி முழக்கியிருக்கிறது. 1964இல் நாடகக் குழுவில் கூட இருந்தவரைக் கட்டினார், இரண்டே வருஷத்தில் பிரிந்தார், பூபதி என்று ஒரு மகன். அதற்கு எதற்குக் கால் பக்கம்? பிள்ளையைத் தாயார் பொறுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஆயாக் கொட்டகையில் பிள்ளையைப் போட்டுவிட்டு இருட்டோடு காட்டுக்குப் போன எங்களுக்கு அதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பதையும் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அண்ணா, கலைஞர் இருவரோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் மூவரோடும் படத்தில். சரிதான். நடித்தபோது அவர்களில் யாரும் முதலமைச்சர் இல்லையே! ஆயிரம் படத்துக்கு மேல், கின்னஸ் புத்தகம், 2002இல் பத்மஸ்ரீ என்று கணக்கெல்லாம் கச்சிதமாக இருக்கிறது. பிறந்த ஊர்தான் தப்பு.

கணக்கை விட்டுவிட்டு நான் ஒன்று சொல்கிறேன். 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தபோது நாங்கள் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டார் எல்லாம் கூடிப் பார்த்தோம். அதில் அவர் வேலைக்காரி கண்ணம்மா. 'கண்ணம்மா, கம்முனு கெட' என்று அவர் சொன்னது சுங்கை சிப்புட் முழுக்க ஆறு மாதம் ஓடியது. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மீன் விற்கிற சீனர்கூட ஒரு தடவை என்னைப் பார்த்து அதைச் சொன்னார். ஒரு காலத்தில் வீட்டு வேலை செய்த பெண், முப்பது வருஷம் கழித்து வீட்டு வேலைக்காரியாக நடித்து, அந்த வீட்டின் குடும்பச் சிக்கலை அவிழ்க்கிறாள். பாத்திரம் பிடிக்கிற கையைப் பாருங்கள், நடிப்பு மாதிரியே இருக்காது.

இன்னொன்று, 1991இல் வந்த 'சின்ன தம்பி'. பிரபுவுக்கு அம்மா, வெள்ளைப் புடவை. அந்தத் தாயை இழுத்து வந்து அவமானப்படுத்துகிற காட்சி வந்தது. என் அம்மாவும் 1979இலிருந்து வெள்ளைதான் கட்டினார். பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் குழாய்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறார். "முடிஞ்சிருச்சா? அந்தப் பொம்பளைய விட்டுட்டாங்களா?" என்று திரும்பாமலே கேட்டார். விட்டுட்டாங்கம்மா என்றேன். இதையும் நகைச்சுவைக் கணக்கில்தான் சேர்ப்பீர்களா? 1989இல் 'புதிய பாதை' படத்துக்குச் சிறந்த துணை நடிகை என்று தேசிய விருது கொடுத்தார்களே, அது சிரிப்புக்குக் கொடுத்தது இல்லை.

சித்தப்பா கதையைப் பாதியில் விட்டேன். அவருக்குக் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை கிடைக்கவில்லை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்புதான். 1969க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்துவிட்டது. அவருக்குக் கொடுக்கவில்லை. 1970இல் பினாங்கில் இந்தியா போகிற ரஜூலா கப்பல் ஏறினார். திடலில் அந்த ரமாமணியைப் பார்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லயமே அழுதது. அவர் மட்டும் சிரித்துக்கொண்டு, "ஊருக்குப் போய் நம்ம பொண்ணு பொறந்த வீட்டைப் பாத்துட்டு எழுதறேன் தாயி" என்று என் தலையில் கை வைத்தார்.

எழுதினார். 1974இல் ஒரு நீலக் கடுதாசி வந்தது. மன்னார்குடியில் தேரடியிலிருந்து தெருத் தெருவாக விசாரித்தாராம். டீக்கடை, சைக்கிள் கடை, கோயில் வாசல் எல்லாம் கேட்டாராம். எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைவிட அவருக்கு ஆத்திரம், 'அவங்க செட்டிநாடுல்ல' என்று அங்கேயே ஒருவர் அவரைத் திருத்தியதுதான். 'நம்ம லயத்துல தெரிஞ்சது இங்க தெரியல' என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் இரண்டு கடிதம் வந்தது, இரண்டிலும் அதைப் பற்றி ஒன்றுமில்லை. 1983இல் காலமானார்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு ஒரு ஓரத்தில் சின்னதாகத் திருத்தம் போடுங்கள். மன்னார்குடி என்று எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தால் போதும். என் பெயரைப் போட வேண்டாம். மண்டோர் வீட்டம்மாவின் பிள்ளைகள் இங்கே பக்கத்துத் தாமானில்தான் இருக்கிறார்கள், உங்கள் பத்திரிகையும் வாங்குகிறார்கள்.

சான்று வேண்டும் என்றால் சித்தப்பாவின் கடுதாசியைப் பேத்தி படம் எடுத்து அனுப்புவாள். அசலைத் தர மாட்டேன். மடிப்பில் மை கலைந்துபோய் நடுவில் இரண்டு வரி படிக்க முடியாது. தெருப் பெயர்கள் எல்லாம் தெரியும்.

இப்படிக்கு,
பழைய பால்வெட்டுக்காரி ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்.